திண்டுக்கல்லில் செவிலியர்கள் கண்ணால் பார்த்தது

திண்டுக்கல் என்றால் நமக்குப் பூட்டு, அப்புறம் பிரியாணி. ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றி வேலை செய்கிற மருத்துவர்களிடம், அவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும், இந்தப் பெயரைச் சொன்னால் 2007-ல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வுதான் ஞாபகம் வரும். திண்டுக்கல்காரர்களிலேயே பல பேருக்குத் தங்கள் மாவட்டத்தில் இப்படி ஒன்று நடந்தது தெரியாது. தெரிந்தவர்களும் அதை மருத்துவர்களின் சாதனையாகத்தான் சொல்வார்கள். அதில் பரிசோதனை செய்த கைகள் எல்லாம் செவிலியர்களுடையவை என்பது பேச்சில் எங்கேயோ உதிர்ந்து போய்விடும்.

நடந்தது இதுதான். மாவட்டத்தில் 114 பகுதிகளை எடுத்து, சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். 57-ல் 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களுக்குப் பரிசோதனை, மற்ற 57-ல் வழக்கமாக ஊரில் என்ன வசதி உண்டோ அது. ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் இருக்கிற ஒரு சமுதாய சுகாதார மையமும், பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து நடத்திய வேலை. 2000 முதல் 2003 வரை 31,343 பெண்களைப் பரிசோதித்தார்கள். சோதனைக்குத் தேவைப்பட்டது நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது ஊறுகாயில் ஊற்றுகிற வினிகரின் உறவுக்காரன், பிறகு பஞ்சு, உள்ளே பார்ப்பதற்காக விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் கருவி, நல்ல வெளிச்சம் தரும் ஒரு விளக்கு. கர்ப்பப்பை வாயில் அந்தத் திரவத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், மாற்றம் தொடங்கிவிட்ட இடம் வெள்ளையாகத் தெரியும். இதற்கு வி.ஐ.ஏ. என்று பெயர்.

2006 கடைசி வரை தொடர்ந்து கணக்கெடுத்ததில், பரிசோதனை நடந்த பகுதிகளில் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் ஏற்படும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. 2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது, கிட்டத்தட்ட 80 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இந்த எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் 35 சதவீதம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அந்தச் செவிலியர்கள் பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளவில்லை, எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். வெள்ளையாகத் தெரிந்தால் பெரிதாக்கிக் காட்டும் கால்போஸ்கோப் வைத்து உற்றுப் பார்த்து, தேவையான இடத்தில் சிறு துண்டு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பி, உறையவைத்து அழிக்கும் கிரையோ சிகிச்சையைத் தகுதியானவர்களுக்கு அதே வருகையிலேயே அவர்களே கொடுத்தார்கள். இதெல்லாம் மகப்பேறு மருத்துவரின் வேலை என்று நாம் வைத்திருக்கிற பட்டியலில் உள்ளவை. பயிற்சி கொடுத்து, மேற்பார்வைக்கு ஆள் வைத்தால் செவிலியரால் முடியும் என்பதை வெறும் வாதமாக அல்ல, இறப்புக் கணக்கோடு காட்டியது திண்டுக்கல்.

ஏன் அப்படிச் செய்ய வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் கையில் இருந்த பேப் ஸ்மியர் சோதனை நம் கிராமத்துக்கு ஒத்துவரவில்லை. சாம்பிள் எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, நகரத்துக்கு அனுப்பி, அதைப் பார்க்கத் தெரிந்த நிபுணர் பார்த்து, ரிசல்ட் திரும்பி வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். அந்தப் பெண் அதற்குள் களையெடுக்கவோ நூற்பாலைக்கோ போயிருப்பாள். மறுபடி வரச்சொன்னால் ஒரு நாள் கூலி போகும், வீட்டில் கேள்வி வரும், "எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே" என்று அவளுக்கே தோன்றும். ஒரே வருகையில் பார்த்து, சொல்லி, முடிந்தால் சிகிச்சையும் கொடுத்து அனுப்புவதுதான் ஒரே வழி, ஒவ்வொரு ஊருக்கும் அதற்கென்று ஒரு மகப்பேறு மருத்துவரைக் கொண்டுவந்து உட்காரவைக்க எந்த அரசாலும் முடியாது. ஆகவே செவிலியர். பெருந்தன்மையால் கிடைத்த அதிகாரம் இல்லை, வேறு வழியில்லாததால் கிடைத்தது. செவிலியர் வேலை விரிந்த கதை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

இவ்வளவு நல்ல ஆய்விலேயே அழைக்கப்பட்ட 49 ஆயிரம் சொச்சம் பேரில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவர்கள் வரவே இல்லை. வெட்கம், பயம், புருஷன் வேண்டாம் என்றது, வெள்ளைப்படுதல் எல்லாம் ஒரு வியாதியா என்கிற நினைப்பு, இவையெல்லாம் நம் வீடுகளில் தெரிந்த காரணங்கள்தான். இதை எந்தக் கருவியும் தீர்க்காது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, முதலில் பேரன் பேத்தியை விசாரித்து, பிறகு மெதுவாக விஷயத்துக்கு வருகிற கிராம சுகாதாரச் செவிலியர்தான் தீர்க்க முடியும். அவர் அந்த வீட்டுப் பிரசவத்தைப் பார்த்திருப்பார், குழந்தைக்கு ஊசி போட்டிருப்பார். அந்தப் பழக்கம் ஒரு மருந்து மாதிரி, ஆனால் எந்தப் பதிவேட்டிலும் அதற்குக் கட்டம் கிடையாது.

தமிழக அரசு இதைக் கையில் எடுத்தது. 2007-ல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டம் பார்த்துவிட்டு, பிறகு தொற்றா நோய்த் திட்டத்தின் கீழ் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்கென்றே ஸ்டாஃப் நர்ஸ்களைப் போட்டார்கள். நல்ல முடிவு, சந்தேகமே இல்லை. ஆனால் ஆய்வில் வேலை செய்த செவிலியருக்கும் திட்டத்தில் வேலை செய்கிறவருக்கும் நடுவில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஆய்வில் இருந்தவருக்கு வேலையே அதுதான். திட்டத்தில் இருப்பவருக்கு ஒரே காலையில் பி.பி., சர்க்கரை, மார்பகம், கர்ப்பப்பை வாய், அப்புறம் இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என்று வரிசை நீள்கிறது. வி.ஐ.ஏ. கண்ணை நம்பிய சோதனை. சாதாரண அழற்சியும் வெள்ளையாகத் தெரியலாம், மாதவிடாய் நின்றவர்களுக்கு மாற்றம் நடக்கும் பகுதி உள்ளே போய்விடுவதால் ஒன்றுமே தெரியாமலும் போகலாம். திண்டுக்கல்லில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு பாசிட்டிவ் வந்தது, அந்த விகிதம் ஒரு நிலையத்தில் திடீரென்று நூற்றில் ஒன்றாக இறங்கினால் நோய் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, கண் அவசரப்படுகிறது என்று அர்த்தம். மாதத்துக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கையை மட்டும் கேட்டால் எண்ணிக்கை மட்டும்தான் வரும்.

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனைக்காரர்கள் இன்னும் ஒரு படி கீழே இறங்கிப் பார்த்தார்கள். குடிசைப் பகுதிகளில், செவிலியர்கூட இல்லை, பத்தாவது வரை படித்த உள்ளூர்ப் பெண்களுக்கு நான்கு வாரம் பயிற்சி கொடுத்து இதே வி.ஐ.ஏ. சோதனையைச் செய்யவைத்தார்கள். சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து நடந்த அந்த ஆய்வில் இறப்பு 31 சதவீதம் குறைந்தது. இதைக் கேட்டதும் "அப்ப நர்ஸே வேண்டாமே" என்று ஒருவர் சொன்னார். அப்படி இல்லை. முதல் கட்டத்தை வேறொருவர் செய்யச் செய்ய, பாசிட்டிவ் வந்தவரை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை கூடிக்கொண்டே போகும், அதற்கு நோய் புரிந்த ஆள் வேண்டும்.

சரி, நோய் வந்துவிட்டவர்கள் பக்கம் போவோம்.

என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய் வந்து கீமோ ஏறிய நாட்களில் கூடப் போயிருக்கிறேன். முதல் நாள் அந்த சிவப்பு மருந்து, டாக்ஸோரூபிசின், ஏற்றும்போது சிஸ்டர் பக்கத்திலேயே நின்றார். "எரியுதாம்மா? லேசா எரிஞ்சாலும் உடனே சொல்லணும், பொறுத்துக்கக் கூடாது" என்றார். சித்தி அந்தக் காலத்து மனுஷி, வலியைச் சொல்வது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர், வெறுமனே தலையாட்டினார். சிஸ்டருக்கு அந்தத் தலையாட்டல் புரிந்துவிட்டது போல, அதற்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டு, சித்தியின் முகத்தையும் ஊசி இருந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த மருந்து ரத்தக்குழாய்க்குள் போனால் மருந்து, ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கி அழுகவைத்துவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது. வெளியே வந்த பிறகு, "மூத்திரம் சிவப்பா போகும், ரத்தம்னு பயந்துராதீங்க" என்று அவர் சொல்லியனுப்பியதுதான் அன்று ராத்திரி எங்களை ஆஸ்பத்திரிக்கு ஓடவிடாமல் காப்பாற்றியது.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்துக்கு நாங்கள் பெரிதாகக் காது கொடுக்கவில்லை. காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால், நேரம் எதுவானாலும் கிளம்பி வரவேண்டும், வீட்டில் மாத்திரை போட்டுவிட்டுப் படுக்கக்கூடாது என்றார். கீமோ முடிந்த ஒன்று இரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும், அந்த நேரத்தில் வருகிற காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிரை எடுக்கக்கூடியது. நம் வீடுகளில் காய்ச்சல் என்றால் ஒரு பாராசிட்டமால், ஒரு கஷாயம், காலையில் பார்க்கலாம். இந்தப் பழக்கத்தை உடைப்பது எந்தப் பெரிய மருந்தையும்விடக் கஷ்டம். இப்போது மாத்திரை வடிவில் கீமோ வந்துவிட்ட பிறகு இது இன்னும் கூடியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் சிஸ்டர் கண் முன்னால் நடந்தது வீட்டுச் சமையலறையில் நடக்கிறது. உள்ளங்கை சிவந்து தோல் உரிகிறது, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, மாத்திரையை நிறுத்தவா தொடரவா என்று போனில் கேட்கிறார்கள். எதிர்முனையில் எடுப்பவர் பெரும்பாலும் ஒரு செவிலியர்தான். எது நாளைவரை தாங்கும், எது தாங்காது என்று பிரிப்பது அவர் செய்கிற முடிவு, பேப்பரில் அது யார் வேலை என்று எழுதியிருந்தாலும்.

இந்த மருந்துகளோடு புழங்குவது செவிலியருக்கும் ஆபத்து என்பது தாமதமாகத்தான் தெரிந்தது. 1979-ல் பின்லாந்தில் கீமோ மருந்துகளைக் கலந்து கொடுத்த செவிலியர்களின் சிறுநீரைச் சோதித்துப் பார்த்தபோது, மரபணுவை மாற்றக்கூடிய பொருட்களின் அடையாளம் அதில் கூடுதலாக இருந்தது. அதன் பிறகுதான் காற்றை வடிகட்டுகிற தனிப் பெட்டிக்குள் வைத்துக் கலப்பது, இரட்டைக் கையுறை, தனி கவுன் எல்லாம் விதிகளாக வந்தன. இன்றும் சிறு ஊர்களில் வார்டு மேசையிலேயே குப்பியை உடைத்துக் கலக்கிற இடங்கள் உண்டு. வின்கிறிஸ்டின் என்கிற மருந்தின் கதை இன்னொரு பக்கம். ரத்தக்குழாயில் போகவேண்டிய அது தவறிப்போய் முதுகுத்தண்டில் ஏறினால் நோயாளி பிழைப்பது அபூர்வம், உலகின் பல நாடுகளில் அப்படி இறந்திருக்கிறார்கள். 2007-ல் உலக சுகாதார நிறுவனம், இதைச் சிரிஞ்சில் எடுக்காதீர்கள், சிறு பையில் கலந்து டிரிப்ஸாக ஏற்றுங்கள் என்று எச்சரிக்கை விட்டது. முதுகில் போடும் ஊசி சிரிஞ்சில்தான் வரும், பையைப் பார்த்தால் யாரும் முதுகில் போடமாட்டார்கள், அவ்வளவுதான் யோசனை. படுக்கை அருகில் நின்று "டாக்டர், இது எந்த ரூட்?" என்று ஒரு தடவை கேட்கிற செவிலியரும் அந்தப் பை மாதிரிதான். கேட்டால் திட்டு விழும் என்கிற வார்டில் அவர் கேட்கமாட்டார்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கைகளோடு தொடங்கினார். அன்றைக்குப் பலர் நோய் முற்றித்தான் வருவார்கள், செவிலியர் வேலை என்பது பெரும்பாலும் புண்ணைக் கழுவுவதும் பக்கத்தில் இருப்பதும். அந்த வேலையும் அப்படியே இருந்துவிடவில்லை, வளர்ந்து தனித் துறையாகிவிட்டது. வலிதணிப்புச் சிகிச்சையின் தாய் எனப்படும் சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர், பிறகு சமூகப் பணியாளர், கடைசியில்தான் மருத்துவர். லண்டனில் 1967-ல் அவர் தொடங்கிய ஹாஸ்பிஸ், அதாவது கடைசிக் கால நோயாளிகளுக்கான பராமரிப்பு இல்லம், இந்தத் துறைக்கே அடித்தளம் போட்டது. கேரளம் 2008-ல் இதற்கென்று அரசுக் கொள்கையே கொண்டுவந்து, பஞ்சாயத்துகள் வழியாகச் செவிலியரை வீட்டுக்கே அனுப்புகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிதணிப்புச் செவிலியர் வீடு தேடிப் போகிறார்.

அவர் போகிற வீட்டில் என்ன செய்வார்? சிறுநீர்க் குழாயை மாற்றுவார், படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுவார். மார்பகக் கட்டி உடைந்து புண்ணாகி நாற்றம் வந்து, சொந்தக்காரர்கள் வாசலோடு திரும்பிப் போகிற நிலையில், மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடி செய்து புண்ணில் தூவக் கற்றுக்கொடுப்பார். சில ரூபாய் மாத்திரை அது. நாற்றம் குறைந்ததும் பேரக்குழந்தை மறுபடி கட்டில் பக்கம் வரும். கடும் வலியைத் தணிக்கிற மார்ஃபின் மட்டும் அவர் கையில் இல்லை. 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் இந்தியாவில் பல ஆண்டுகள் புற்றுநோயாளிகளுக்கு மார்ஃபின் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்தியும், எழுதிக்கொடுக்க மருத்துவர்தான் வேண்டும். இங்கிலாந்தில் தனிப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் 2012 முதல் மார்ஃபினையே தாங்களே எழுதித் தரலாம். ராத்திரி பத்து மணிக்கு வலியில் துடிக்கிற ஒருவர் வீட்டில் நிற்கும்போது இந்த வித்தியாசம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு இதில் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. வேலையைக் கூட்டிக்கொண்டே போகிறோம், ஆளை மட்டும் அதே இடத்தில் நிறுத்திவைத்திருக்கிறோம். புற்றுநோய்ப் பராமரிப்புக்கென்று ஓராண்டு பட்டயப் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு வந்தவரையும் சுழற்சி முறை என்று சொல்லி ஆறு மாதத்தில் எலும்பு முறிவு வார்டுக்கு அனுப்பிவிடுகிற மருத்துவமனைகள் இருக்கின்றன. கீமோ ஏற்ற ரத்தக்குழாயைக் கண்டுபிடிக்கப் பழகிய விரல் அங்கே மாவுக்கட்டுக்குப் பஞ்சு சுற்றிக்கொண்டிருக்கும். சம்பளம் இன்னொரு கதை. 2015-ல் தேர்வு எழுதி வந்த ஆயிரக்கணக்கான அரசுச் செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்ததை நாம் டிவியில் பார்த்தோம், அடுத்த செய்திக்கு மாறினோம். பிறகு தொகை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, ஆனால் நிரந்தரம் என்கிற வார்த்தைக்காகக் காத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. தன் வேலையே அடுத்த வருடம் இருக்குமா என்று தெரியாத ஒருவரிடம், "அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி செக்கப்புக்கு வாங்க" என்று சொல்லச் சொல்கிறோம்.

இனி வருகிற மாற்றம் எப்படி இருக்கும்? உலக சுகாதார நிறுவனம் 2021 முதல் வி.ஐ.ஏ.வைவிட, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸின் டி.என்.ஏ. சோதனையையே முதல் சோதனையாகப் பரிந்துரைக்கிறது. இதில் பெண்ணே மறைவாகப் போய்த் தன் சாம்பிளை எடுத்துக் கொடுக்கலாம், ஸ்பெகுலம் தேவையில்லை, திண்டுக்கல்லில் சோதனைக்கு வராமல் போனவர்களில் பலர் இதற்கு வந்திருப்பார்கள். உறையவைக்கும் சிகிச்சைக்குக் கனமான கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதில்லை, கையடக்கமான சூட்டுக் கருவி வந்துவிட்டது, ஒரு நிமிடத்துக்குள் வேலை முடியும். தடுப்பூசியும் இருக்கிறது, 2022-ல் இந்தியாவிலேயே தயாரான செர்வாவேக்கிற்கு அனுமதி கிடைத்தது.

தடுப்பூசி என்றதும் பழைய காயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2009-10-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்ட திட்டம் பாதியில் நிறுத்தப்பட்டது. சில சிறுமிகள் இறந்திருந்தார்கள். விசாரணையில் அந்த மரணங்களைத் தடுப்பூசியோடு சேர்த்துச் சொல்ல ஆதாரமில்லை என்றார்கள், ஆனால் ஒப்புதல் வாங்கிய விதம் படுமோசம், விடுதி வார்டன்கள் பெற்றோருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தச் சந்தேகம் வாட்ஸ்அப் காலத்தில் "குழந்தை பிறக்காதாம்" என்று உருமாறிச் சுற்றுகிறது. பள்ளிக்கூட வாசலில் ஓர் அம்மா வந்து, "இதப் போட்டா பிள்ளைக்கு நாளைக்கு ஏதாவது ஆகுமா சிஸ்டர்?" என்று கேட்கும்போது, ஊசியைக் கையில் வைத்திருப்பவர்தான் பதில் சொல்லவேண்டும். அவருக்குப் பதில் தெரிந்திருக்கவேண்டும், சொல்ல ஐந்து நிமிடமும் இருக்கவேண்டும்.

டி.என்.ஏ. சோதனையிலும் அப்படி ஒரு ஐந்து நிமிடம் ஒளிந்திருக்கிறது. மெஷின் பாசிட்டிவ் என்று சொன்னால் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை, வைரஸ் இருக்கிறது என்றுதான் அர்த்தம், அதுவும் பல பேருக்குத் தானாகவே போய்விடும். ஆனால் இது உடலுறவால் பரவும் வைரஸ். ரிசல்ட் தாள் வீட்டுக்குப் போனால் முதலில் எழுகிற கேள்வி நோயைப் பற்றியதாக இருக்காது, யாரிடமிருந்து வந்தது என்பதாக இருக்கும். வைரஸ் எத்தனையோ வருடம் சத்தமில்லாமல் உடம்பில் இருந்திருக்கலாம், இதை வைத்து யார் மேலும் பழி போட முடியாது என்று அந்தப் பெண்ணுக்கும், தேவைப்பட்டால் அவள் புருஷனுக்கும் மாமியாருக்கும் சொல்லிப் புரியவைத்து, அடுத்த வியாழக்கிழமை அவளைச் சிகிச்சைக்கு பஸ் ஏறவைக்க வேண்டும். அந்த போன் காலை யார் செய்வார் என்று தெரியும், அவருடைய வேலைப் பட்டியலில் அது இன்னும் எழுதப்படவில்லை.